நாலாவது கிளை முடியும் வரை

கம்ப்யூட்டர் தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. இந்தச் சின்ன விஷயம் எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. திரையில் நீல வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டிருப்பேன். சரியாக அப்போதுதான் கீழேயிருந்து என் மாமியார் வடிவாம்பாள், "அகிலா, புளி ஊற வெச்சியா இல்லியா?" என்று குரல் கொடுப்பார். புளி எப்படியும் ஊறிவிடும். இந்த வளையம் எப்போது நிற்கும் என்பதுதான் தெரியாது.

நான் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவள். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியறைதான் என் ஆபீஸ். டிசைன் கட்டம் கட்டமாகத் திரையில் விரியும். ஒரு கட்டம் என்றால் தறியில் ஓர் இழை. முடிந்த டிசைனைத் தறிக்குப் புரிகிற ஃபைலாக மாற்றி பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால், தறிக்கு மேலே மாட்டியிருக்கும் ஜக்கார்டு பெட்டி அதைப் படித்து, எந்த இழையைத் தூக்க வேண்டுமோ அதைத் தூக்கும். இதுவரை நான் போட்டதெல்லாம் அடுத்தவர் டிசைன். கடைக்காரர்கள் ஒரு பழைய சேலையைக் கொண்டுவந்து முன்னால் போடுவார்கள். "இதே மயிலுதாம்மா, மூக்கு மட்டும் கொஞ்சம் சின்னதா" என்பார்கள். நானும் மூக்கைச் சின்னதாக்கிக் கொடுத்துவிட்டு அடுத்த மயிலுக்குப் போவேன்.

இந்தத் தடவை அப்படியில்லை. ஏகாம்பரநாதர் கோயிலில் கல்யாணம் வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு, முந்தியில் அந்தக் கோயில் மாமரம் வேண்டுமாம். நாலு கிளை, கிளைக்கு ஒரு ருசி என்று ஊரே சொல்கிறதே, அந்த மரம். கடைக்காரர் வழக்கம்போல, "மயில் போட்டா மங்களமா இருக்கும்" என்று இழுத்துப் பார்த்தார். நான் ஒரு தாளில் கிறுக்கிக் காட்டிய மரத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், "இதுதான் வேணும், வேற எதுவும் வேணாம்" என்று சொல்லிவிட்டாள். ஒரே மரம், நாலு கிளை, நாலுக்கும் நாலு விதமான இலை. எந்தச் சேலையிலிருந்தும் எடுக்காதது. நானே யோசித்து நானே போடும் முதல் முந்தி. அன்றிலிருந்து கண்ணை மூடினால் எனக்கு இலைதான் தெரிந்தது.

நெய்யப்போகிறவர் ஐயம்பேட்டை சத்யராஜ். அவர் தறியில் பாவு ஏற்றித் தயாராக இருந்தது. நீளவாக்கில் பட்டு இழைகளை இழுத்துக் கட்டிவிட்டு மனுஷர் என் ஃபைலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை போன் செய்து பொறுமையாகக் கேட்டார். மூன்றாவது முறை பொறுமை போய்விட்டது.

"அக்கா, வெள்ளிக்கெழம சாயந்திரம் வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல தறிய சும்மா போட்டு வெக்க முடியாது. கல்யாணத் தேதி நெருங்கிக்கினு இருக்குது. கடைக்காரர் மயில் ஃபைலு குடுத்து வெச்சிருக்கறாரு. அத்த ஏத்திடுவேன்."

அந்த மயிலும் நான் மூக்கைச் சின்னதாக்கிய மயில்தான். அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

இவ்வளவுக்கும் காரணம் இந்தக் கம்ப்யூட்டர். பழைய பெட்டி, அதில் இருக்கும் விண்டோஸை இப்போது யாரும் சீந்துவதில்லை. அதை விட்டொழித்துவிட்டு வேறு வாங்கவும் வழியில்லை. என் டிசைன் சாஃப்ட்வேர், எந்த டிஸ்க்கில் பதிவு செய்து கொடுத்தார்களோ அந்த டிஸ்க்கில் மட்டும்தான் திறக்கும். டிஸ்க்கை மாற்றினால் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுப் புதுச் சாவி எண் வாங்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய ஹார்டு டிஸ்க் கடகடவென்று முனக ஆரம்பித்து, எஸ்.எஸ்.டி. என்கிற புது ரக டிஸ்க் மாற்றியபோது அப்படித்தான் வாங்கினோம். அப்போது கம்பெனி இருந்தது. இப்போது அந்த எண்ணுக்குப் போன் செய்தால் உபயோகத்தில் இல்லை என்கிறது ஒரு பெண் குரல். அவள் இந்தியில் சொல்லும்போது இன்னும் கோபம் வரும்.

எஸ்.எஸ்.டி. போட்ட புதிதில் அது ஓடிய ஓட்டத்தை நான் மறக்கவில்லை. பட்டனை அமுக்கிவிட்டு டீயை எடுத்தால், டீ ஆறுவதற்குள் சாஃப்ட்வேர் திறந்து நிற்கும். அப்புறம் எப்போது என்று தெரியாமல் சோம்பல் பிடித்தது. நானும் விடவில்லை. வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாம் செய்தேன். டிஸ்க்கில் அஞ்சில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும் என்றார்கள், பழைய ஃபைல்களை எல்லாம் வெளியே எடுத்தேன். தூங்கும்போது எழுதி வைக்கும் வசதியை நிறுத்து என்றார்கள், நிறுத்தினேன். டிரிம் என்று ஒன்று ஓடுகிறதா என்று கறுப்புத் திரையில் எழுத்தடித்துப் பார்க்கச் சொன்னார்கள். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆரம்பத்தில் தானாகத் திறக்கும் குப்பைகளை ஒவ்வொன்றாக மூடினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் நன்றாக ஓடும், மறுநாள் பழைய குருடி கதைதான். என் மாமியார் முட்டிக்குத் தடவும் தைலமும் இதே லட்சணத்தில்தான் வேலை செய்கிறது.

செவ்வாய்க்கிழமை, மூன்றாவது கிளையில் ஓர் இலையை நகர்த்திவிட்டு சேவ் கொடுத்தேன். வளையம் சுற்ற ஆரம்பித்தது. நான் கீழே போய்ப் புளியைக் கரைத்து, குழம்பைக் கூட்டி வைத்துவிட்டு வந்தேன். அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. உடனே குருவுக்குப் போன் போட்டேன்.

குரு முசரவாக்கத்துக்காரன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஹார்டு டிஸ்க் காலத்திலிருந்து இந்தப் பெட்டியைத் திறந்து மூடுகிறவன் அவன்தான். வருகிறேன் என்று சொல்லும் நேரத்துக்கு என்றைக்கும் வந்ததில்லை. அன்றும் வெயில் சாய்ந்த பிறகு வந்து, பெட்டியைப் பார்த்ததும் முதலில் முகம் சுளித்தான்.

"இன்னாக்கா இது, காத்து போற ஓட்ட மேலயே சந்தனத்த அப்பி வெச்சிருக்கறீங்க? குங்குமம் உள்ள போயி ஃபேன்ல ஒட்டிக்கினு இருக்குது பாரு."

"ஆயுதபூஜைக்கு மாமா வெச்சது. தொடச்சிடலாம். அதனாலயா தொங்குது?"

"அதனால இல்ல. பாத்தா கோவம் வருது, அதான் சொன்னேன்."

துடைத்துவிட்டு ஏதோ ஒரு சின்ன புரோகிராமை ஓட்டினான். திரையில் ஒரு மஞ்சள் கட்டம் வந்தது. குரு தலையைச் சொறிந்துகொண்டு அதையே பார்த்தான். அவன் தலையைச் சொறிந்தால் நல்ல செய்தி வராது.

"அக்கா, இந்த டிஸ்க்குக்கு ஆயுசு முடியப் போவுது. எஸ்.எஸ்.டி.ல ஒரு எடத்துல இத்தினி தடவதான் எழுத முடியும்னு கணக்கு இருக்குது. எழுத எழுதத் தேயும். நீ போடற டிசைனுக்கு இது பத்து வருசம் வந்திருக்கணும். ரெண்டு வருசத்துல தேச்சிருக்கறீங்க. யாரோ டெய்லி இதுல மூட்ட மூட்டையா எழுதறாங்க."

"நான் மட்டுந்தாம்பா ஒக்காருவேன்."

"அப்ப பேய் வந்து எழுதுதா? வீட்டுல கேளு. அதுவரைக்கும் சேவ் கம்மியா குடு. டிசைன பென் டிரைவ்லயே வெச்சுக்கோ. ஒரு நாளு இது எழுத மாட்டேன்னு பூட்டிக்கும். உள்ள இருக்கறத பாக்கலாம், எடுக்கலாம். புதுசா ஒரு எழுத்து எழுத முடியாது. உன் சாஃப்ட்வேரும் தெறக்காது."

பென் டிரைவில் வைத்தாலும் அந்த சாஃப்ட்வேர் நான் போடும் ஒவ்வொரு கோட்டுக்கும் டிஸ்க்கில் ஒரு கிறுக்கல் கிறுக்கத்தான் செய்யும். அதாவது, இலை போடப் போட டிஸ்க் சாகும், இலை போடாவிட்டால் மயில் வந்து உட்காரும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அழுகைக்கு நேரமில்லாததால் ஆத்திரத்தை என் கணவர் முத்துக்குமாருக்காக எடுத்து வைத்தேன்.

அவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்டு சூப்பர்வைசர். போக வர பஸ்ஸில் படம் பார்ப்பார். மூட்டை மூட்டையாக யார் எழுதியிருப்பார்கள் என்று யோசிக்க எனக்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"எத்தினி படம் எறக்கினீங்க என் கம்ப்யூட்டர்ல?"

"இன்னாது?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. டிஸ்க்கே செத்துப் போவப் போவுது. என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு பஸ்ல சாஞ்சுக்கினு படம் பாக்கறீங்க."

அவர் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதுல நெட்டு இருக்குது, இதுலயே பாக்கறேன். உன் ஆமை மேல ஏறி நான் எதுக்குப் படம் எறக்கணும்? அது படம் எறக்கி முடிக்கறதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்டு வந்துடும்."

நான் நம்பவில்லை. நம்பாததை நாலு விதமாகச் சொன்னேன். அவரும் நான் சொன்னதற்கெல்லாம் சேர்த்து ஒரே விதமாக, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என் மாமனார் மயில்வாகனம், "அவன் மேல போயி நான் பாத்ததில்லியேம்மா" என்று மெதுவாகச் சொன்னார். மகனுக்கு வக்காலத்து என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மூன்றாவது கிளையை முடித்தே தீருவது என்று, வீட்டில் பால் பொங்குவதற்கு முன்பே மாடிக்கு ஏறினேன். அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யார் அணைக்காமல் விட்டார்கள் என்று எரிச்சலோடு கதவைத் தள்ளினேன்.

மாமா உட்கார்ந்திருந்தார். குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, தோளில் ஈரத் துண்டு. இரண்டு கையையும் முட்டி மேல் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள். சிவப்புச் சதுரங்கள் அங்கங்கே சிதறிக் கிடக்க, ஒவ்வொன்றாக இடம் மாறி, நீலமாகி, வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தன.

அவர் தினமும் காலையில் மாடிக்கு வருவது எங்களுக்குத் தெரியும். செம்பருத்தி பறிக்கவும் துண்டு காயப்போடவும் வருகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். தோள்பட்டை பிசகித் தறியை விட்ட பிறகு, அவருக்குக் காலை நேரத்தில் வேறு வேலை கிடையாது. தறியில் இருந்த காலத்தில் குளித்து முடித்ததும் நேராகத் தறிக்குத்தான் போவாராம். உட்கார்வதற்கு முன்னால் பாவைக் கையால் நீவிவிட்டு, ஒட்டிக்கொண்ட இழைகளைப் பிரித்துவிட்டு, சிக்கிருந்தால் எடுத்துவிட்டுத்தான் காலைத் தறிக்குழியில் இறக்குவாராம். பாவை நீவாமல் அவர் ஒரு நாளும் குறுக்கிழை ஓட்டும் நாடாவைத் தொட்டதில்லை என்று மாமியார் பெருமையாகச் சொல்வார்.

"வந்துட்டியாம்மா," என்றார் மாமா. "இன்னும் கொஞ்சந்தான் இருக்குது. இன்னிக்கு சிக்கு ஜாஸ்தி. பாரு, செவப்பு எவ்ளோ கெடக்குதுன்னு."

நான் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். டீஃபிராக். பழைய ஹார்டு டிஸ்க்குக்குச் செய்வது. அதில் தட்டு சுற்றும், முள் தேடும். சிதறிக் கிடப்பதை அடுக்கி வைத்தால் முள் அலையாமல் சீக்கிரம் படிக்கும். எஸ்.எஸ்.டி.யில் தட்டும் கிடையாது, முள்ளும் கிடையாது. எங்கே கிடந்தாலும் அதற்கு ஒன்றுதான். அடுக்கினால் ஒரு லாபமும் இல்லை. எடுத்து எடுத்து வேறு இடத்தில் எழுதுவதில் தேய்வது மட்டும்தான் மிச்சம்.

"மாமா, இத எத்தினி நாளா பண்றீங்க?"

"டெய்லிதாம்மா. முன்ன கடகடன்னு சத்தம் போடுச்சே, அப்பவே குரு தம்பி காட்டிக் குடுத்துச்சு. பெரியவரே, இத்த அமுக்கிவிட்டா சிக்கெல்லாம் எடுத்துக்கும், வேகமா ஓடும்னு. மருமவ வந்து ஒக்கார்றப்ப நேரா இருக்கணும்ல? நீ வர்றதுக்குள்ள முடிச்சிட்டு ஆஃப் பண்ணிடுவேன். கொஞ்ச நாளா ரொம்ப தொங்குதுன்னு சொல்லிக்கினு இருந்தியே, அதான் இப்பல்லாம் ரெண்டு வாட்டி ஓட்டறேன்."

இரண்டு தடவை. அந்த வார்த்தையில் எனக்கு இருந்த பொறுமையெல்லாம் கழன்று போயிற்று.

"நீங்கதான் மாமா இத்த சாவடிச்சீங்க," என்றேன். "நான் கண்டவங்க மேல பழி போட்டுக்கினு இருக்கறேன். இது பழைய டிஸ்க்கு இல்ல. மாத்தி ரெண்டு வருசமாவுது. இதுக்கு சிக்கே கெடையாது. நீங்க எடுக்க எடுக்கத்தான் தேஞ்சு போச்சு. இன்னும் ரெண்டு நாளு தாங்குமான்னு தெரியல. தாங்கலன்னா என் மரம் போச்சு, சாஃப்ட்வேரு போச்சு, எல்லாம் போச்சு."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். ஒரு சிவப்புச் சதுரம் அப்போதுதான் போய் வரிசையில் உட்கார்ந்தது.

"இப்ப நிறுத்திடலாமாம்மா?" என்றார். "பாதில நிறுத்துனா அதுக்கு ஏதாவது ஆயிடுமா?"

நான் எட்டி அதை நிறுத்தினேன். அவர் எழுந்தார். நாற்காலியை நான் வழக்கமாக வைக்கும் இடத்துக்கு இழுத்து வைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவர் படி இறங்கும் சத்தம் கேட்டது. எனக்குக் கோபம் தணியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாவம் என்று தோன்றியது, பத்திக்கொண்டும் வந்தது.

மிச்சக் கோபத்தைக் குருவுக்குக் கொடுத்தேன். போனில் அவனுக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை.

"அதையா அவரு இன்னும் பண்ணிக்கினு இருக்கறாரு? அது பழைய டிஸ்க்குக்குச் சொன்னதுக்கா."

"மாத்தினப்ப அவராண்ட சொன்னியா?"

"நீ சொல்லியிருப்பன்னு நெனச்சேன்."

"அவரு பண்றாருன்னே எனக்குத் தெரியாதேப்பா."

போனை வைத்தேன். வெளியே அதே பெட்டி, அதே சந்தனப் பொட்டு. உள்ளே வேறு டிஸ்க் இருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னது?

முத்துக்குமாரிடம் விஷயத்தைச் சொன்னேன். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை, மனுஷர் சிரித்தார். "நல்ல வேளை, நான் தப்பிச்சேன்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்பாவுக்கு அது ஒண்ணுதான் வேலையா இருந்திருக்குது. உனக்கு ஒத்தாசையா இருக்கறோம்னு நெனச்சுக்கினு இருந்திருக்காரு" என்றார். தெரிந்த விஷயத்தை அடுத்தவர் வாயால் கேட்பது எனக்குப் பிடிக்காது. "ஒத்தாசை பண்ணித்தான் இந்த கதி" என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் நான் வேலை செய்த பாடு எதிரிக்கும் வரக் கூடாது. ஒரு கோடு போடுவதற்கு முன்னால் யோசித்து, விரலால் திரைமேல் வரைந்து பார்த்து, சரி என்று தெரிந்த பிறகுதான் மவுஸைத் தொட்டேன். போட்டு அழிப்பது என்பதே கிடையாது. ஏழெட்டு இலைக்கு ஒரு சேவ். சேவ் கொடுத்தால் வளையம் சுற்றும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது கிளை முடிந்தது. நாலாவதற்கு நான் யோசித்து வைத்திருந்த இலை ஓரம் சுருண்டது, அதற்குக் கட்டமும் அதிகம், வேலையும் அதிகம். எளிய இலையாக மாற்றிவிடலாமா என்று ஒரு கணம் புத்தி தடுமாறியது. மாற்றவில்லை.

வியாழக்கிழமை காலை மாமியார் காபியோடு ஒரு வழக்கையும் சேர்த்துக் கொண்டுவந்தார்.

"இன்னாம்மா சொன்ன அவர? குளிச்சிட்டு வந்து எங்க போறதுன்னு தெரியாம வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துக்கினு இருக்கறாரு. ஒக்காருங்கன்னா ஒக்காரல. நாஷ்டாவும் எறங்கல."

"இன்னா சொல்றது அத்த, நெசத்தச் சொன்னேன்."

"நெசத்த கொஞ்சம் மெதுவா சொன்னா கொறஞ்சா பூடும்?" என்று முனகிக்கொண்டே டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் மாமா மேலே வந்தார். உள்ளே வரவில்லை, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தின நாளிலிருந்து யோசித்ததைக் கேட்க வந்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது.

"அம்மா, இது மாதிரி டிஸ்க்குக்கு நாம டெய்லி இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது மாமா."

"ஒண்ணுமேவா?"

"கொஞ்சம் எடத்தக் காலியா உட்டுட்டு, தொடாம இருக்கணும். மீதிய அதுவே பாத்துக்கும்."

அவருக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. "ஒண்ணுமே பண்ணாம அதுகிட்ட எப்டிம்மா வேல வாங்கறது?" என்றார்.

வளையம் சுற்றிக்கொண்டிருந்த நேரம். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சும்மா இருக்கறதுதான் மாமா இதுக்குப் பண்ற வேல" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். நிலைப்படியில் யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் நாலாவது கிளையின் கடைசி இலையைப் போட்டேன். ஓரம் சுருண்டு, நுனி கொஞ்சம் தொங்கி, நான் நினைத்தபடியே இருந்தது. சேவ் கொடுத்தேன். வளையம் சுற்றியது, நின்றது. தறி ஃபைலாக மாற்றக் கொடுத்தேன். திரை வெளுத்துப் போய், "பதிலளிக்கவில்லை" என்று மேலே எழுத்து வந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் அந்த டிஸ்க்குக்குச் சொன்னேன். பிறகு, தாயே, இதை மட்டும் கொடுத்துவிடு என்று காமாட்சியைக் கூப்பிட்டேன். இரண்டையும் ஒரே மூச்சில் செய்தேன், வெட்கமில்லை.

திரை மறுபடி தெளிந்தது. ஃபைல் பென் டிரைவில் வந்து உட்கார்ந்திருந்தது. போனோடு இணைத்துத் திறந்து பார்த்தேன், முழுசாக இருந்தது. நிம்மதியோடு திரும்பினால் திரையில் ஒரு பெட்டி: டிஸ்க்கில் எழுத முடியவில்லை. மூடினேன், மறுபடி வந்தது. சாஃப்ட்வேரை மூடிவிட்டுத் திறந்தேன், திறக்கவில்லை. குரு சொன்னது நடந்துவிட்டது. டிஸ்க் பூட்டிக்கொண்டுவிட்டது.

"போயிடுச்சாம்மா?"

மாமா நிலைப்படியில் நின்றிருந்தார். நான் திட்டியதையும் கும்பிட்டதையும் எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை.

"போயிடுச்சு மாமா. ஆனா மரம் வெளிய வந்துடுச்சு. இதுல இருக்குது" என்று பென் டிரைவைக் காட்டினேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு அடி உள்ளே வந்து, வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டினார். புதுப் பாவு வந்தாலும், புது நாடா வந்தாலும் அவர் அப்படித்தான் செய்வார்.

"தொடாதீங்க மாமா," என்றேன்.

நினைத்துச் சொன்னதில்லை, வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவர் கை அப்படியே நின்றது. பிறகு அதை மடக்கி, வேட்டியில் துடைத்துக்கொண்டார், ஏதோ அழுக்கு இருந்த மாதிரி. மூன்று நாளாக நான் பட்ட எரிச்சல் எல்லாம் நியாயம்தான். ஆனால் அந்தக் கையைப் பார்த்த பிறகு என்னால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

குரு வருகிறேன் என்று சொல்லியிருந்தான். டிஸ்க் இன்னும் படிக்கக் கொடுக்கும்போதே உள்ளே மிச்சம் இருப்பதை எல்லாம் அள்ளிவிட வேண்டும், நான் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். முத்துக்குமார் ஷிப்டில். நான் மாமாவின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் பென் டிரைவை வைத்து மூடினேன்.

"ஐயம்பேட்டை போயி சத்யராஜாண்ட நீங்களே குடுத்துட்டு வாங்க. ஷேர் ஆட்டோல போங்க. சாயந்திரத்துக்குள்ள குடுத்துடணும், இல்லன்னா மயில ஏத்திடுவாரு."

"நானா?"

"நீங்கதான்."

அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கீழே போய்ச் சலவைச் சட்டை போட்டு, அதன் பையில் பென் டிரைவை வைத்து, மேலே கையை அமுக்கிக்கொண்டு தெருவில் நடந்து போவதை மாடியிலிருந்து பார்த்தேன். பின்னாலேயே மாமியார், "மழ வரும் போல இருக்குது, கொடை எடுத்துக்கினு போங்க" என்று கத்திக்கொண்டு ஓடினார். குடையை வாங்க இன்னொரு கையை நீட்டினாரே தவிர, சட்டைப் பை மேலிருந்த கையை எடுக்கவில்லை.

குரு வழக்கம்போலத் தாமதமாக வந்தான். என் மயில்களையும் அன்னங்களையும் ஒவ்வொரு ஃபோல்டராக வெளியே அள்ளிக்கொண்டிருந்தோம். இனி எந்த சாஃப்ட்வேரில், எப்படி என்று அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குப் பாதி காதில் ஏறவில்லை. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மாமா போய்ச் சேர்ந்தாரா என்று தெரியவில்லை. அவர் போனை அவர் எங்கேயும் எடுத்துக்கொண்டு போக மாட்டார், கூடத்தில் சார்ஜில் கிடந்தது. தெரிந்திருந்தும் அனுப்பினேனே என்று என்னையே நொந்துகொண்டிருந்தபோது சத்யராஜ் கூப்பிட்டார்.

"அக்கா, உங்க மாமா வந்து எவ்ளோ நேரமாவுது தெரியுமா?"

"வந்துட்டாரா? ஃபைலு ஏத்தியாச்சா?"

"எங்க ஏத்தறது? குடுத்தாத்தான? பையில வெச்சு கைய மேல போட்டுக்கினு தர மாட்டேன்னு நிக்கறாரு. பாவு ஒரு வாரமா சும்மா கெடந்து ஒட்டிக்கினு இருக்குதாம். நீவிட்டுத்தான் தருவாராம். ஒரு கையால ஓரத்துலேந்து ஒவ்வொரு இழையா பிரிச்சுக்கினு வராரு, இன்னும் பாதிகூட வரல. நானும் நெய்யறவன்தான்கா, என் தறிய எனக்குப் பாத்துக்கத் தெரியாதா? இருட்டிக்கினு வருது. நீ சொன்னாத்தான் கேப்பாரு, கொஞ்சம் சொல்லுக்கா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்ட மரம் அந்தச் சட்டைப் பையில் கிடக்கிறது. போனை அவரிடம் கொடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் குரு, எல்லாம் அள்ளி முடித்துப் பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே பார்க்க அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"நீவட்டும் சத்யராஜ், விடுங்க," என்றேன். "பாவுதான? அது தாங்கும்."